துண்டுக்கு அடியில் சுட்ட கை

ஓடிப்போனவனே, முட்டி வீங்கினது உன்னால்தான். மழை, குளிர், வயசு என்று வேறு யார் தலையிலும் பழியைப் போடாதே.

உடம்புக்குள் இருக்கும் உயிரணுக்களுக்கெல்லாம் வாய் இருந்த காலம் அது. தொடையிடுக்கில் ஒரு சாவடி. அங்கே துணையன் உட்கார்ந்திருப்பான். அவன் கையில் கத்தியும் கிடையாது, கம்பும் கிடையாது. வாக்கு மட்டும்தான். அவன் "எழும்பு" என்றால் படை எழும்பும். சொல்லாவிட்டால் ஒருத்தன் அசையமாட்டான். காவல் சுற்றும் கிளையர் கூட்டம் பகைவனைக் கண்டால், அவனிடமிருந்து ஒரு சில்லைக் கிள்ளி வந்து காட்டும். சில்லைப் பார்த்ததும் துணையன் வாக்குக் கொடுத்துவிடுவான்.

ஒருநாள் கிளையரில் ஒருவன் மூச்சிரைக்க வந்து சில்லை நீட்டினான்.

"எங்கேயடா எடுத்தாய்?"

"முட்டியில், அண்ணே. சீக்கிரம் சொல்லுங்கள்!"

துணையன் சொல்லிவிட்டான். படை முட்டிக்குள் புகுந்து வெட்டித் தள்ளியது. மூன்றாம் நாள்தான் தெரிந்தது, அது பகைவனின் சில்லே இல்லை. முட்டியின் சொந்தச் சவ்விலிருந்து உதிர்ந்தது. வழியில் கிடந்ததைப் பொறுக்கி வந்தவன் கூட்டத்தோடு கூட்டமாய் மறைந்துபோனான். முட்டியின் ஓலம் சாவடிவரை கேட்டது. போன படையைத் திரும்ப அழைக்கத் துணையனுக்குச் சொல் இல்லை; சில்லைக் கொண்டுவந்தவன் வாயால்தான் அது திரும்பும்.

"இனி எவனுக்கும் வாக்குக் கிடையாது" என்று வாயை மூடிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துப் பாதத்தில் முள் குத்தியது. முள்ளோடு கிருமியும் ஏறியது. கிளையர் கூட்டத்துப் பெண் கிளைச்சி ஓடிவந்தாள்.

"துணையண்ணே, பாதம் சீழ் வைக்கிறது. இதோ சில்லு."

"அவனும் இப்படித்தான் காட்டினான்."

"அவன் செய்ததற்குப் பாதம் அழுகணுமா? பாதம் போனால் உன் சாவடி மட்டும் அந்தரத்தில் தொங்குமா?"

"கத்தாதே. சில்லு பொய் சொல்லும்."

"சொல்லும். கை சொல்லாது!"

அவன் தோள் துண்டை வெடுக்கென்று உருவினாள். மாட்டுத் தரகர்கள் கையை மூடி விரல் பிடித்து விலை பேசுவதுபோல இருவர் கைமேலும் போட்டு, அடியில் அவன் விரல்களை இறுக்கினாள். உள்ளங்கை நெருப்பாய்ச் சுட்டது.

"பகைவனைத் தொட்ட கை இது. போதுமா?"

துணையன் கண் கலங்கினான். ஓடிப்போனவன் கையை அவன் தொட்டதே இல்லை. தொட்டிருந்தால் சில்லிட்டிருக்கும்.

"வந்திருப்பவன் யார், சொல். உயிரணுவுக்குள் ஒளிகிறவனா? குடலில் நெளிகிற புழுவா? சந்தில் கிடந்து சீழ் வைக்கிறவனா?"

அவள் காதில் சொன்னாள். சொன்ன பகைக்கு ஏற்ற போர்க்கோலம் அவனுக்கு வந்தது. ஒருவன் நூறானான், நூறு ஆயிரமானது. சாவடி கொள்ளாமல் புடைத்தது. ஆயிரம் வாயும் "எழும்பு" என்றன. பாதம் பிழைத்தது.

அன்று முதல்தான் சில்லோடு சூடான கையும் நீட்டாதவருக்குத் துணையர் வாய் திறப்பதில்லை. எந்தப் பகை என்று காதில் விழுந்த பிறகே கோலம் கட்டுகிறார்கள். காலில் முள் தைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதும் அன்று முதல்தான்.

ஆனால் முட்டிக்குப் போன படை இன்னும் திரும்பவில்லை. ஓடிப்போனவனே, ஒளிந்தது போதும். சாவடிக்கு வா. துண்டுக்கு அடியில் உன் சில்லிட்ட கையை நீட்டி, "அந்தச் சில்லு நம் வீட்டுடையது" என்று உன் வாயாலேயே சொல். அந்தப் படையைத் திருப்பு.