உலகத் தமிழர்கள் அனைவருக்கும்

ஞானக் கதைன்னு சொன்னதுமே ஒருத்தன் கொட்டாவி விடுறான், ஒருத்தன் சார்ஜர் தேடுறான். நல்லா வாய்ச்சீங்கடா எனக்கு. பயப்படாதீங்க. இதுல காடு கெடையாது, கமண்டலம் கெடையாது, குருவுக்குத் தாடி கெடையாது. குருவே ஒரு பொண்ணு. வயசு இருபத்தொம்போது. சிஷ்யனுக்கு அம்பத்திரெண்டு. ஆங், இப்ப நிமிர்ந்து உக்காருறீங்க பாரு.

திருச்சி பாலக்கரையில ஒரு பேட்டரி கடை மாடி. அங்கதான் மங்கை டீச்சர் இருந்தாங்க. பாட்டு எழுதுவாங்க, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி, போன்லயே பதிவு பண்ணி நெட்ல ஏத்துவாங்க. புத்தகமும் எழுதுவாங்க. எந்தக் கம்பெனியும் கெடையாது. ஜெராக்ஸ் எடுத்து, மடிச்சு, ஸ்டேப்ளர் அடிச்சு, தானே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுப்பாங்க. ஏழு புத்தகம் வந்தாச்சு. ஏழாவது வந்தது கீழ பேட்டரி கடைக்காரருக்கே தெரியாது.

சிஷ்யன் பேரு இருதயராஜ். மோட்டாருக்குக் காயில் கட்டுறவரு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும், தேய்ச்ச சட்டையோட நேரா மாடிக்கு வந்துடுவாரு, பாட்டு எழுதக் கத்துக்க. அவரு டீச்சரம்பாரு, அவங்க அண்ணேம்பாங்க.

அவரு எழுதுனது ஒரே ஒரு பாட்டு. நாலு வருஷமா அதையேதான் எழுதுறாரு. மக ஜெசிந்தா தன் இஷ்டத்துக்கு ஒருத்தனக் கட்டிக்கிச்சு. இவரு கல்யாணத்துக்குப் போவல. போவாம இருந்தாலும் பரவால்ல, போவ மாட்டேன்னு தெருவுல நின்னு கத்துனாரு. அதுலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. நேர்ல மன்னிப்புக் கேக்க நாக்கு வளையல. பாட்டாவாவது கேட்டுடலாம்னு உக்காந்தவருதான்.

அன்னிக்கு மாடிப்படி ஏறும்போதே சத்தம் வந்துருச்சு.

"டீச்சர், நான் இன்னியோட முடிச்சுக்கிறேன்!"

டீச்சர் எட்டாவது புத்தகத்துக்கு ஸ்டேப்ளர் அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. தலையே நிமிரல.

"போன மாசமும் முடிச்சீங்கண்ணே. அதுக்கு முந்துன மாசமும் முடிச்சீங்க. செருப்ப வெளிய விட்டீங்களா?"

"இது வேற டீச்சர். இது நெசமா."

விஷயம் என்னன்னா, மெட்டு தயாராகி வார்த்தை தயாராகலைன்னா, வாய்க்கு வந்தத வச்சுப் பாடி பதிவு பண்ணி வெப்பாங்க. அதுக்கு டம்மின்னு பேரு. பின்னாடி நல்ல வரி வந்ததும் டம்மியத் தூக்கிடணும். இருதயராஜ் போன்ல மூணு பைலு இருந்துச்சு. 'பைனல்', 'புது பைனல்', 'இதான் பைனல்'. அதுல ஒண்ணு அந்த டம்மி. நாலு வருஷம் ஒழைச்ச மனுஷன், ஏத்துற அன்னிக்குக் கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டாரு. ஏத்துனது டம்மி.

*பூசணிக்கா பொரியலு,*
*பூன வந்தது தெரியல,*
*மோட்டாரு சத்தம் கேக்குது,*
*மோருச் சட்டி வேர்க்குது.*

இதுதாங்க பாட்டு. அவரு தப்பக் கண்டுபுடிக்க நாலு நாள் ஆச்சு. அதுக்குள்ள ஊரே எடுத்து அவங்கவங்க வீடியோவுல ஒட்டிருச்சு. நாய் ஓடுனா பூசணிக்கா. மாப்ள வழுக்கி விழுந்தா பூசணிக்கா. மினி பஸ்ஸு ஹாரன்லயே பூசணிக்கா. அழிச்சும் பிரயோஜனம் இல்ல.

நல்ல பாட்ட மறுவாரம் ஏத்துனாரு. மொத்தம் நாப்பத்தோரு பேரு கேட்டாங்க.

"நாப்பத்தொண்ணு டீச்சர்! அதுலயும் பாதி நான்தான்! 'திறக்காத கதவின் முன் தேயும் என் பாதங்கள்'னு எழுதிருக்கேன். தேயும்ங்கிற ஒரு வார்த்தைக்கு எட்டு நாள். பூசணிக்காய்க்கு எட்டு செகண்டு! எதத் தூக்கிக் கொண்டாடுறானுங்க பாருங்க!"

"தொண்டைய வத்த வைக்காதீங்க. தண்ணி அங்க இருக்கு."

"கோயில்ல பாட்டுக்குழு லீடர் கேக்குறான், 'அண்ணே, அது உங்க குரல் மாதிரி இருக்கே'ங்கிறான். என் குரல் இல்ல, எவனோ எரும கத்துறான்னுட்டேன். சேனல்ல பேரு போடாதது எவ்ளோ நல்லதாப் போச்சு."

"எத்தன பேருகிட்ட இல்லைன்னு சொன்னீங்க?"

"கேட்டவன் எல்லார்கிட்டயும்!"

டக். டக். ஸ்டேப்ளர் சத்தம்.

"நீங்க ஏன் டீச்சர் எழுதுறீங்க? சொல்லுங்க. ஏழு புத்தகம் போட்டீங்க. யாரு படிச்சா? எட்டாவதுக்கு என்ன தைரியத்துல பின் அடிக்கிறீங்க? உங்களப் பாத்தா எனக்குக் கோவமா வருது."

"எனக்கு உங்களப் பாத்தா வருது. பையில அந்தத் தாளெல்லாம் இருக்கா?"

"எந்தத் தாளு?"

"நாலு வருஷமா என் உசுர எடுத்த தாளு."

பதினாலு தாளு. பதினாலு தடவ எழுதுன ஒரே பாட்டு. டீச்சர் ஸ்டேப்ளர ஓரமா வச்சுட்டு, பதினாலயும் தரையில வரிசையாப் பரப்புனாங்க. மின்விசிறிய நிறுத்துனாங்க. இருதயராஜுக்கு வேர்த்து ஊத்துச்சு.

அவங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. பாட்டு எழுதுறதுக்கு முன்னாடி தாள் உச்சியில ஒரு பேரு எழுதணும். யாரு கேக்கணுமோ அவங்க பேரு. ஒரே ஒரு பேரு. முதல் நாளே இருதயராஜுக்கு அதச் சொல்லித்தான் பேனாவே எடுக்க விட்டாங்க.

"உச்சியில இருக்கிறத மட்டும் படிங்கண்ணே. சத்தமா."

"எதுக்கு டீச்சர் இந்த வெக்கையில..."

"படிங்க."

முதல் தாளு. "ஜெசிந்தாவுக்கு." ரெண்டாவது, மூணாவது, அதேதான். அஞ்சாவது தாள்ல குரல் கொஞ்சம் இறங்குச்சு. "அன்பு மகளுக்கு." எட்டாவது: "எல்லா மகள்களுக்கும்." பதினொண்ணு: "மகளைப் பெற்ற தந்தையர்க்கு."

"பதினாலு?"

இருதயராஜ் தாளத் திருப்பி வைக்கப் பாத்தாரு. டீச்சர் கால்ல அழுத்திப் புடிச்சுக்கிட்டாங்க.

"உலகத் தமிழர்கள் அனைவருக்கும்," அப்படின்னாரு.

"உலகத் தமிழர்கள்ல நாப்பத்தோரு பேருதான் வெட்டியா இருந்திருக்காங்க. மத்தவங்களுக்கு வேல இருந்திருக்கும்."

"கிண்டல் பண்ணாதீங்க டீச்சர். ஒரு பாட்டு வளரக் கூடாதா?"

"வளரலாமே. ஜெசிந்தா கேட்டுச்சா?"

அவரு சட்டைக் காலர இழுத்து விட்டுக்கிட்டாரு.

"அண்ணே, உங்ககிட்டதான். உங்க மக அந்தப் பாட்டக் கேட்டுச்சா?"

"அது கேக்கல."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்." அவரு திடீர்னு வெடிச்சாரு. "தெரியும்னா தெரியும்! அது கேட்டது வேற! அதச் சொன்னா சிரிப்பீங்க!"

"நான் இப்ப சிரிக்கிற நெலமையில இல்ல."

போன எடுத்து டீச்சர் மடியில போட்டாரு. போட்டுட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. டீச்சர் படிச்சாங்க. பன்னெண்டு நாளைக்கு முந்தி வந்த மெசேஜு.

*அப்பா, பூசணிக்கா பாட்டு உங்க குரல்தானே? பாப்பா இதப் போட்டாத்தான் சோறு திங்கிறா.*

டீச்சர் ரெண்டு தடவ படிச்சாங்க.

"பாப்பான்னா?"

"பேத்தி. நான் இன்னும் பாத்ததில்ல." சன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டே சொன்னாரு. "நாலு வருஷம் டீச்சர். நாலு வருஷம் ஒரு வார்த்த இல்ல. வந்தது எதுக்குன்னு பாருங்க. பூசணிக்காய்க்கு! நான் கதவுன்னு எழுதுறேன், பாதம்னு எழுதுறேன், அது பொரியலுக்குப் பதில் போடுது!"

"நீங்க என்ன பதில் போட்டீங்க?"

"நான் எப்படிப் போடுவேன்? அந்த நல்ல பாட்ட மொதல்ல கேக்கட்டும். அதக் கேட்டுட்டுப் பேசட்டும். இந்தக் கண்றாவிய நான்தான் பாடுனேன்னு என் மககிட்டயே ஒத்துக்கச் சொல்றீங்களா?"

"நல்ல பாட்ட அதுக்கு அனுப்புனீங்களா?"

"அதுவா தேடிக் கேக்கணும் டீச்சர். நானே அனுப்புனா அதுக்கு என்ன மரியாத?"

டீச்சர் நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க. சத்தம் கேக்குற மாதிரியே அடிச்சுக்கிட்டாங்க.

"பன்னெண்டு நாளு. ஒரு பச்சப் புள்ள உங்க குரலுக்கு வாயத் தொறக்குது. நீங்க இங்க வந்து யாருமே கேக்கலைன்னு என் உசுர எடுக்கிறீங்க."

சன்னலுக்கு வெளிய ஒரு ஆட்டோ போச்சு. நல்ல வேள, அதுல வேற பாட்டு.

அவரு வந்து தரையில உக்காந்தாரு. போன எடுத்தாரு. கண்ணாடியத் தேடி மாட்டுனாரு. ஏதோ அடிச்சாரு, அழிச்சாரு. திரும்ப அடிச்சாரு. 'அன்பு மகளே'ன்னு ஆரம்பிச்சு அழிச்சாரு. 'திறக்காத'ன்னு அடிச்சுட்டு அவரே பல்லக் கடிச்சுக்கிட்டாரு. பதினாலு தாள் எழுதுன மனுஷனுக்கு ஒத்த வரி வரல.

டீச்சர் பாத்துக்கிட்டே இருந்தாங்க. மின்விசிறியப் போட்டாங்க. பதினாலு தாளும் பறந்துச்சு. யாரும் புடிக்கல.

"டீச்சர்," அப்படின்னாரு. குரல்ல கோவம் எல்லாம் போயிருந்துச்சு. "என்னான்னு எழுதுறது?"

டீச்சர் ஸ்டேப்ளர எடுத்துக்கிட்டாங்க.

"அது என்ன கேட்டுச்சு?"

"என் குரல்தானேன்னு."

"ஆமான்னு எழுதுங்க."

அவ்ளோதான்டா கதை. அந்தப் பூசணிக்காய எட்டு குரூப்புல போட்டுவிட்டு நாள் பூராச் சிரிச்சவன் நான். அந்த நல்ல பாட்ட நான் இன்னும் கேக்கல.