கீழேயிருந்து கேட்டவன்

"என் பேரன் ஜெயிக்கலேன்னா உனக்குப் பயிற்சிச் சான்றிதழ் கிடையாது" என்று சொல்லி, தாளாளர் அம்பலவாணர் கேள்வித்தாளைப் பயிற்சி ஆசிரியன் சேவுகன் கையில் திணித்தார். "ஒரு எழுத்து மாறக்கூடாது. மேலேயிருந்து வரிசையா கேளு."

மூன்றாம் வகுப்பில் கணக்குப் புலிகளுக்கென்று தனி வகுப்பு ஆரம்பித்திருந்தார்கள். ஒரே ஓர் இடம்தான் பாக்கி. தாளாளரின் பேரன் தர்ஷனுக்கும் பள்ளி வேன் ஓட்டுநரின் மகள் முத்தழகிக்கும் போட்டி. புலி எப்படித் தயாராகிறது என்பது வேனில் வரும் எல்லோருக்கும் தெரியும். தாத்தா கொடுத்த விடைகளை மட்டும் தர்ஷன் வரிசையாக ஒப்பித்துக்கொண்டே வருவான். சேவுகனும் அதே வேன்தான்.

கூடம் நிறையப் பெற்றோர். சேவுகன் தாளைப் பிரித்து, கடைசிக் கேள்வியில் ஆரம்பித்தான்.

"ஒரு ஆட்டோவில் மூணு பேர் போகலாம். இருபத்தொரு பேருக்கு எத்தனை ஆட்டோ வேணும்?"

தர்ஷன் துள்ளி எழுந்தான். "நானூத்தி அம்பது!"

"ஏழு சார்" என்றாள் முத்தழகி.

"அரை லிட்டர் பாலில் எத்தனை கால் லிட்டர் இருக்கு?"

"திங்கட்கிழமை!"

"ரெண்டு சார். திங்கட்கிழமையும் ரெண்டுதான்."

கூடமே சிரித்தது. தாளாளருக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டார்: "டேய், மேலேயிருந்துதானேடா கேக்கச் சொன்னேன்! பையன் அப்படித்தானே மனப்பாடம் பண்ணியிருக்கான்!"

சிரிப்பு சட்டென்று நின்றது. அப்புறம் இரண்டு மடங்காக வந்தது. அதற்குமேல் அந்த இடத்தை முத்தழகிக்குத் தராமல் இருக்க முடியுமா? சேவுகனின் சான்றிதழிலும் பெற்றோர் பார்க்க அவரே கையெழுத்துப் போட்டார்.

சேவுகன் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. மேலேயிருந்து கேட்கச் சொன்னார்கள். அதை மட்டும்தான் அவன் செய்யவில்லை.