மங்கவிடாத முகம்

பாளையங்கோட்டையில் மெஹர்நிஷா நடத்திய டிசைன் கடையில் குருவுக்கு வயது முப்பது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. தலைகீழாக இருக்கிறதே என்றால், இருந்துவிட்டுப் போகட்டும். துக்கத்தில் கிடப்பவனுக்கு வயது பார்த்தா குரு அமைவார்?

சீடர் ஞானசிகாமணி, பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் ஜெபராணியை மஞ்சள்காமாலை கொண்டுபோய்விட்டது. வருஷ நினைவு நாளுக்குள் கல்லறையில் கறுப்புக் கல் நாட்ட வேண்டும். அதில் அவள் முகம் இருக்க வேண்டும். ஆனால் கல் வெட்டும் மெஷினுக்குப் போட்டோ புரியாது. கம்ப்யூட்டரில் கோடுகளாக வரைந்து கொடுத்தால்தான் வெட்டும்.

"நான் வரைஞ்சு தாரேன் அண்ணாச்சி. எனக்கு அது ஒரு வேலையே இல்ல," என்றாள் மெஹர்நிஷா.

"வேண்டாம்மா. என் பிள்ளை முகத்தை நான்தான் வரைவேன். சொல்லிக் கொடு."

சொல்லிக் கொடுத்தாள். போட்டோவை அடியில் வைத்து, அதன்மேல் கோடு இழுக்க வேண்டும். ஓரத்தில் ஒரு ஸ்லைடர். அதை இடது பக்கம் தள்ளினால் போட்டோ மங்கும், வரைந்த கோடு பளிச்சென்று தெரியும்.

எல்லாம் கற்றுக்கொண்ட மனிதர் அந்த ஸ்லைடரை மட்டும் தொடவே இல்லை. மகள் முழு வெளிச்சத்தில் சிரித்துக்கொண்டிருக்க, அந்தச் சிரிப்பின் மேலேயே தினமும் கோடு போட்டார். "கொஞ்சம் மங்கலாக்குங்க அண்ணாச்சி," என்று அவள் சொல்லும்போதெல்லாம் காது கேட்காதவர் போல உட்கார்ந்திருந்தார். பிள்ளை நாளுக்கு நாள் மங்கிப்போனதை ஆஸ்பத்திரியில் பார்த்தது போதாதா? பாவம், அந்தக் கை எப்படித் தள்ளும்!

கல் வெட்டக் கொடுக்க வேண்டிய நாளும் வந்தது.

"முடிஞ்சுதும்மா. வந்து பாரு, அச்சு அசல் என் பிள்ளைதான்," என்றார்.

மெஹர்நிஷா வந்து பார்த்தாள். ஸ்லைடரைப் பிடித்து ஒரேயடியாகப் பூஜ்யத்துக்குத் தள்ளினாள்.

ஜெபராணி போய்விட்டாள். வெள்ளைத் திரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கோடுகள் நின்றன. தாடை பாதியில் முடிந்திருந்தது. ஒரு கண்ணுக்கு இமை இல்லை. வாய் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது.

ஞானசிகாமணி திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஐயோ, அழிச்சிட்டியாம்மா? எங்கே என் பிள்ளை?"

"எதையும் அழிக்கலை அண்ணாச்சி. நீங்க வரைஞ்சது இவ்வளவுதான். கல்லுல இதுதான் வரும்."

"வாயை வரைஞ்சேனே! சிரிச்சுக்கிட்டுல்லா இருந்தா!"

"சிரிப்பு போட்டோவுல இருந்துச்சு."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது ஓயும்வரை மெஹர்நிஷா பக்கத்திலேயே நின்றாள். பிறகு ஸ்லைடரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். முகம் திரும்பி வந்தது. மவுஸை அவர் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

அவர் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"நீயே குறைச்சு வச்சிரும்மா. ஒரு தடவை மண்ணுக்குள்ள வச்சேன். இன்னொரு தடவை என் கையாலயே அவளை அனுப்பணுமா?"

"நான் குறைச்சா உங்க கண்ணுதான் அவளைத் தேடும், அண்ணாச்சி. நீங்க குறைச்சாத்தான் உங்க கை அவளைத் தேடி வரையும்."