மேஜருக்கு இஸ்திரி

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டு ஓரம் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறாளே அஞ்சலை, அவளிடம் ஒருநாள் காலை பட்டாளத்து உடுப்பில் ஓர் ஆள் வந்து நின்றான். மேஜர் என்று சொல்லிக்கொண்டு ஒரு வாரமாகக் கடைத்தெருவையே மிரட்டிக்கொண்டிருந்தவன்.

"கல்யாணத்துக்குப் போறேன். உடுப்புல ஒரு கசங்கல் இருக்கக் கூடாது. ஆனா உடம்புலேருந்து கழட்ட மாட்டேன். முடியாதுன்னா நாளைக்கு உன் வண்டி இங்க நிக்காது."

அஞ்சலை பெட்டிக்கரியை ஊதிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆகட்டும் சார். நீங்க விறைப்பா நின்னா பாதிக் கசங்கல் தானாப் போயிடும்" என்றவள், அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தாள். "பரேட், சாவ்தான்!"

யாரைக் கூப்பிடுகிறாள் என்று மேஜர் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

வண்டிக்குப் பின்னால் போண்டா தின்றுகொண்டிருந்த அஞ்சலையின் மகள் கோமதியோ, குதிகால் ஒட்ட விறைத்து எழுந்து நின்றாள். போண்டா மண்ணில் உருண்டது. பழைய சுடிதார், ரப்பர் செருப்பு. முந்தின நாள்தான் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தாள்.

"சாவ்தான்னா பட்டாளத்துல அட்டென்ஷன். அதக் கேட்டதும் எம் பொண்ணு நிக்கிறா. நீங்க ஆளத் தேடறீங்களே, மேஜர்?"

தெருவே சிரித்தது. கோமதி அவனருகே வந்தாள். "லீவுல நாங்களே இதப் போட்டுக்கிட்டுக் கடைத்தெருவுல சுத்த மாட்டோம். நீ எந்த யூனிட்டு?"

அவன் மெல்ல நழுவப் பார்த்தான். அஞ்சலை சூடான பெட்டியோடு குறுக்கே நின்றாள்.

"சட்டையக் கழட்டிக் குடுத்துட்டுப் போ. இஸ்திரி போட்டு வைக்கிறேன். அதுக்கு உரியவங்க வந்தா குடுத்துக்கறேன்."