என் படப்பைக் காப்பாற்ற வந்த நாலு பேர்

ஓணான்கரட்டு அடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கிறவள் நான். பேர் வெள்ளத்தாய். இந்தக் கதையில் நாலு முட்டாள்கள் வருகிறார்கள். நாலு பேரும் தங்கமானவர்கள், அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவு. கெட்டவன்களாக இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்து அன்றைக்கே விரட்டியிருப்பேன்.

முதலில் என் கவலையைச் சொல்லிவிடுகிறேன். கடைக்குப் பின்னால், காட்டை ஒட்டினாற்போல என் வைக்கோல் படப்பு நிற்கிறது. எனக்கு ரெண்டு எருமை. மழை பெய்து புல் முளைக்கிற வரைக்கும் அதுகளுக்கு அந்தப் படப்புதான் சோறு. படப்பு எரிந்தால் எருமைகள் பட்டினி. எருமைகள் போனால் பால் இல்லை. பால் இல்லாமல் நான் டீக்கடையில் உட்கார்ந்து என்னத்தை ஆற்றுவது?

மாசி மாசமே வெயில் மண்டையைப் பிளந்தது. கரட்டில் புல்லெல்லாம் காய்ந்து, கால் வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. வனவர் எபனேசர் ஜீப்பில் வந்து இறங்கி, இந்த வருஷம் காட்டுத்தீ வராமல் இருக்காது, தீக்காவலுக்கு நாலு பேர் வேண்டும் என்றார். எங்கள் ஊரில் இருப்பதே பதினாறு வீடு. விவரமான ஆம்பளைகள் எல்லாம் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ஒச்சப்பன், ஜக்கையன், பேயாண்டி, சோணை. அந்த நாலு பேரையே போட்டுவிட்டார்.

ஒச்சப்பன்தான் மூத்தவன், ஆகையால் அவன் தலைவன். ஜக்கையன் சட்டம் பேசுவான். பேயாண்டி எதையும் நெடுநேரம் யோசித்துவிட்டு, மற்றவர்கள் சொன்னதையே சொல்வான். சோணை இளகின மனசுக்காரன், தொட்டதற்கெல்லாம் அழுவான்.

வனவர் அவர்களை என் கடை வாசலில் வரிசையாக நிறுத்தி, "சொன்னதை அப்படியே செய்யணும். சொந்தமா யோசிக்கக் கூடாது" என்றார். நல்ல மனுஷன், படித்தவர். இருந்தாலும் இப்படி ஒரு வார்த்தையை அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

முதல் நாள் அவர்களைக் கரட்டுக்குக் கூட்டிப்போய், குறுக்கே பத்தடி அகலத்துக்குப் பட்டையாகப் புல்லைக் கொளுத்திக் காட்டினார். இதற்கென்றே அவர் சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டி வைத்திருப்பார். இப்படி முன்கூட்டியே எரித்துவிட்டால், பின்னால் பெரிய தீ வரும்போது அதற்குத் தின்ன ஒன்றும் கிடைக்காது, வந்த வழியே அடங்கிவிடும், முன்கூட்டி எரித்ததற்கு அப்புறம் ஆபத்தே கிடையாது என்று விளக்கினார். நாலு பேரும் அதை மனப்பாடம் செய்துகொண்டார்கள். நானும் கேட்டேன். நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பிறகு ஒவ்வொரு சட்டமாகப் போட்டார். பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை வெயிலில் நிற்கக் கூடாது என்றார். மறுநாள் பதினொரு மணிக்கு நாலு பேரும் நடு வெயிலில் ஒரு பாறைமேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணிக்கு எழுந்தபோது உட்கார்ந்த இடம் வெந்துபோயிருந்தது. ஒருத்தன்கூட ஒரு நிமிஷம் நிற்கவில்லை என்று ஒச்சப்பன் என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னான். நான் அவர்களுக்கு மோர் கொடுத்தேன். அதை மட்டும் நின்றுகொண்டே குடித்தார்கள்.

எங்கே புகை கண்டாலும் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும் என்பது அடுத்த சட்டம். ஊரிலேயே விடிந்ததும் முதலில் புகைகிறது என் கடை அடுப்புதானே. குடத்தோடு வந்தார்கள். பால் பொங்குகிற நேரத்தில் அடுப்பில் ஊற்றினார்கள். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். நான் திட்டி முடிக்கிற வரைக்கும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, மிச்சத் தண்ணீரையும் ஊற்றிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து தினம் இதே கூத்து. நான் பற்றவைப்பேன், அவர்கள் அணைப்பார்கள்.

கடைசியில் தீப்பெட்டிச் சட்டம் வந்தது. வனவர் அதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னார். "யார்கிட்ட தீப்பெட்டி இருந்தாலும் பிடுங்கித் தண்ணித் தொட்டியில போட்டுடணும். ஒருத்தர் கையிலயும் ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது. நீங்களே வச்சிருந்தாலும் சரி, உங்கள்ல ஒருத்தர் பிடுங்கணும்."

ரெண்டே நாளில் பதினாறு வீட்டுத் தீப்பெட்டியும் தொட்டிக்குள் போய்விட்டது. கேஸ் அடுப்பு பற்றவைக்கிற லைட்டரையும் விடவில்லை. சாமி மாடத்துக் கற்பூரத்தைக்கூட ஜக்கையன் முகர்ந்து பார்த்து, இதற்கும் தீக்கும் சம்பந்தம் உண்டு என்று எடுத்துப்போனான். ஊரே வெள்ளரிக்காயும் அவலும் தின்று காலம் தள்ளியது. நான் பக்கத்து ஊரிலிருந்து ஒரு சட்டியில் கங்கு கொண்டுவந்து ஒளித்து ஒளித்து டீ போட்டேன்.

அந்தத் தொட்டி என் கடைக்குப் பக்கத்தில் இருக்கிற சிமெண்ட் தொட்டி. வாரம் ஒருமுறை லாரி வந்து தண்ணீர் நிரப்பும். அதற்குள் இன்னொரு சாமானும் கிடந்தது. தீ வந்தால் பச்சைக் கிளையால் அடித்து அணைக்க வேண்டும், கிளை வாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வனவர் சொல்லியிருந்தார். நாலு பேரும் ஆளுக்கொரு பெரிய புங்கங்கிளையை மாசியிலேயே வெட்டித் தொட்டிக்குள் அமுக்கி, மேலே கல்லை வைத்துவிட்டார்கள். என் எருமைகள் ரெண்டு மாசமாகப் புங்கஞ்சாறும் தீக்குச்சி மருந்தும் கலந்த தண்ணீரைத்தான் குடித்தன. கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை.

சித்திரை பிறந்ததும் பக்கத்து மலையில் தீ பிடித்தது. புகை எங்கள் ஊர்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. எதிர்வீடு தெரியாது. விடியற்காலையில் சேவல் கூவுவதற்குப் பதிலாக இருமியது. கதவை இறுகச் சாத்தி, சந்தில் ஈரத்துணி அடைத்துக்கொண்டு உள்ளேயே இருங்கள் என்று வனவர் சொல்லி அனுப்பினார். தீக்காவல் கொட்டகைக்குக் கதவு ஒன்று உண்டு. மற்ற மூன்று பக்கமும் சுவர் கிடையாது. நாலு பேரும் கதவைச் சாத்தி, சந்து விடாமல் ஈரத்துணி திணித்து, உள்ளே உட்கார்ந்து இருமினார்கள். மூன்று நாள் பார்த்துவிட்டு, கதவு சரியில்லை என்று வனவருக்கு மனு எழுதினார்கள்.

நாலாம் நாள் மத்தியானம் தீ ஓணான்கரட்டு உச்சிக்கே வந்துவிட்டது. வனவர் ஒரு வேனை அனுப்பி, ஊரில் எல்லோரையும் பெரிய ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகச் சொன்னார். நான் ஏறவில்லை. எருமைகளை வேனில் ஏற்ற மாட்டார்கள், படப்பைத் தூக்கிக்கொண்டும் போக முடியாது. மேலே தீ சடசடவென்று இறங்குகிற சத்தம் இங்கே கேட்கிறது. படப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன்.

தீக்காவலுக்கு நின்ற நாலு பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள். அவர்களுக்கு மனசு தாங்கவில்லை. படப்புக்குப் பக்கத்திலேயே வட்டமாக உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தார்கள்.

"அக்கா படப்பு போயிரும்ணே" என்று சோணை விம்மினான்.

"போகாது" என்றான் ஒச்சப்பன். "வனவர் என்ன சொன்னாரு? முன்கூட்டியே எரிச்சுட்டா அப்புறம் ஆபத்தே கிடையாதுன்னாரு. தீ வர்றதுக்குள்ள நாமளே எரிச்சிருவோம்."

ஜக்கையன் சட்டம் கேட்டான். "எரிச்சுட்டா பத்திரமா இருக்கும்னு என்னண்ணே உறுதி?"

"கரட்டுல எரிச்ச பட்டையைப் பாத்தேல்ல? ரெண்டு மாசமாச்சு. அதுக்கு ஏதாச்சும் ஆயிருக்கா?"

பேயாண்டி நெடுநேரம் யோசித்தான். "ஒண்ணும் ஆகலை" என்றான்.

எனக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது. அடேய், எரித்துவிட்டால் அப்புறம் எருமைக்கு என்னடா இருக்கும் என்று கத்தினேன். பயத்தில் அக்காவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சோணை என் கையைப் பிடித்து, "பதறாதீங்கக்கா, ஒரு வைக்கோல் விடாம எரிச்சுத் தர்றோம்" என்றான்.

அப்புறம்தான் நெருப்புக்கு எங்கே போவது என்ற யோசனை வந்தது. ஊரில் ஒரு தீப்பெட்டி இல்லை. இருந்ததெல்லாம் தொட்டியில் கூழாகிக் கிடந்தது. என் அடுப்பில் கங்கு இருக்கிறதா என்று ஒச்சப்பன் கேட்டான். காலையில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றியது யார் என்று நான் திருப்பிக் கேட்டேன். அடுப்பைக் கிளறிப் பார்த்தார்கள். ஒரு பொறிகூட இல்லை. ஜக்கையனுக்கு அந்த நேரத்திலும் பெருமை. "நம்ம அணைச்சா அணைச்சதுதான்" என்றான்.

பிறகு ஒச்சப்பன் மெதுவாகத் தலையைத் தூக்கிக் கரட்டைப் பார்த்தான். "அங்கதான் அவ்வளவு இருக்கே. போய்க் கொஞ்சம் வாங்கிட்டு வந்துருவோம்" என்றான்.

பந்தம் பிடிக்க ஏதாவது வேண்டுமே. தொட்டியிலிருந்து நாலு புங்கங்கிளையையும் உருவி எடுத்தார்கள். ரெண்டு மாசம் ஊறிய கிளை, தண்ணீர் சொட்டச் சொட்டத் தோளில் போட்டுக்கொண்டு, எரிகிற மலையைப் பார்க்க நடந்தார்கள். கல்லையும் கிளையையும் எடுத்ததில் தொட்டியில் அடிமண்டித் தண்ணீர்தான் மிஞ்சியது. அதையும் எருமைகள் குடித்துவிட்டன. நான் பண்ணரிவாளை எடுத்துக்கொண்டு படப்பு உச்சியில் ஏறி உட்கார்ந்தேன். எந்தத் தீ முதலில் வந்தாலும் சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மேலே நடந்ததை அவர்களே பிற்பாடு சொன்னார்கள். வனவர் எரித்த பட்டைவரைக்கும் இறங்கி வந்த தீ, அதற்குமேல் தின்ன ஒன்றும் இல்லாமல் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. இவர்கள் கிளையை அதன்மேல் வைத்தார்கள். கிளை பற்றவில்லை, தீ அணைந்தது. பக்கத்துச் சுடரில் வைத்தார்கள், அதுவும் அணைந்தது. ஒச்சப்பனுக்குக் கோபம் வந்து ஓங்கி ஓங்கிக் குத்தினான். சோணை தீயைக் கும்பிட்டு, ஒரே ஒரு பொறி கொடு, எங்கள் அக்கா படப்பு என்று கெஞ்சினான். பட்டையின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒரு சுடர் விடாமல் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பொழுது சாயும்போது கேட்பதற்கு ஒரு சுடரும் பாக்கி இல்லை.

கரிபூசின முகத்தோடு தலையைத் தொங்கப்போட்டு இறங்கி வந்தார்கள். என் முன்னால் வந்து நின்று, ஒச்சப்பன் சொன்னான்.

"மன்னிச்சிரு அக்கா. ஒரு கங்குகூடக் கொண்டுவர முடியலை. பாவி மலை, மொத்தமும் அணைஞ்சுபோச்சு."

நான் படப்பைவிட்டு இறங்கவில்லை. அப்போதுதான் வனவர் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. மலையைப் பார்க்கிறார், இவர்கள் கையில் கருகின கிளையைப் பார்க்கிறார், மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு பேரையும் கட்டிப்பிடித்தார். இருபது வருஷ உத்தியோகத்தில் இப்படி நாலு வீரர்களைப் பார்த்ததில்லை, என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார்.

"ஒரு தீப்பெட்டி போதும் சார்" என்றான் ஒச்சப்பன்.

பாவம், உழைத்த களைப்புக்கு ஒரு பீடி குடிக்க ஆசைப்படுகிறார்கள் என்று வனவர் நினைத்துவிட்டார். கை சட்டைப்பைக்குப் போனது. நான் படப்புமேல் எழுந்து நின்று, கொடுக்காதீர்கள் என்று கத்தினேன். நாலு நாள் புகையில் தொண்டை கட்டிக் காற்றுதான் வந்தது. ஒச்சப்பன் தீப்பெட்டியை ரெண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் படப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

"அண்ணே நில்லு" என்றான் ஜக்கையன். "உன் கையில தீப்பெட்டி இருக்கு."

ஒச்சப்பன் கையைப் பார்த்தான். இருந்தது. சட்டம் சட்டம்தானே. ஜக்கையன் அதைப் பிடுங்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடினான். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை; தண்ணீர் இல்லாதது தண்ணித் தொட்டி ஆகுமா? தண்ணீர் லாரி நாளைக்குத்தான் வரும். அவன் முழித்துக்கொண்டு நிற்கும்போது, இப்போது தீப்பெட்டி இவன் கையில் இருக்கிறதே என்று பேயாண்டிக்கு உறைத்தது. பிடுங்கினான். பேயாண்டியிடமிருந்து சோணை அழுதுகொண்டே பிடுங்கினான். சோணையிடமிருந்து ஒச்சப்பன் பிடுங்கினான். ஒச்சப்பன் கையில் தீப்பெட்டி இருக்கலாமா? ஜக்கையன் மறுபடியும் பிடுங்கினான்.

வனவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒச்சப்பன் மூச்சு வாங்கிக்கொண்டே சுருக்கமாக நிலைமையை எடுத்துச் சொல்லி, "ஒரு நிமிஷம் ஒரு கையில இருக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே சார். நீங்களும் வந்து நின்னீங்கன்னா, அஞ்சு பேராயிரும். கொஞ்சம் இளைப்பாறிக்கலாம்" என்று கெஞ்சினான். தான் போட்ட சட்டத்தைத் தானே எப்படி மீறுவது? வனவர் தொப்பியைக் கழற்றி ஜீப்புக்குள் வைத்துவிட்டு வந்து, பேயாண்டிக்கும் சோணைக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

இருபத்தாறாவது சுற்று போய்க்கொண்டிருக்கிறது. தீப்பெட்டி சுற்றுகிற வரைக்கும் என் படப்புக்கு ஆபத்தில்லை. என் அடுக்களையில் ஒரு குடம் நிறையத் தண்ணீர் இருக்கிறது. நான் யாரிடமும் சொல்லவில்லை.