துவாரத்தில் நின்ற தண்ணீர்

ஞானம் தேடுகிறவர்கள் மலையேறுவது வழக்கம். ஆவுடையப்பன் அடிவாரத்தைத் தாண்டவில்லை. அவருக்கு வாய்த்த ஆசானுக்குத் தாடியும் இல்லை, காவியும் இல்லை. குழாய் அடைப்பு எடுக்கும் மெஷின் ஒன்று இருந்தது.

ஆசான் பேர் பேச்சியம்மாள். வயது முப்பத்தாறு. சீடரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். பேர்தான் பேச்சி, ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். அவள் அவரை ‘அண்ணாச்சி’ என்பாள். அவர் அவளை ‘ஆசானே’ என்பார். ஊர் சிரித்தது. சிரிக்கிற வாய் சிரிக்கட்டும் என்று அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.

ஆவுடையப்பன் இருபது வருஷம் வேன் ஓட்டியவர். போன வருஷம் சாரல் நேரம். மலைப்பாதை வளைவு ஒன்றில், சைக்கிளில் வாழை இலைக்கட்டு கொண்டுபோன ஒரு மனிதர் வேனுக்கு முன்னால் வந்தார். அவ்வளவுதான், ஆள் பிழைக்கவில்லை. நனைந்த ரோட்டில் இலைகள் பந்திக்கு விரித்ததுபோல் கிடந்தன.

டிரைவர் மேல் தப்பில்லை என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனால் அந்த நொடியில் தன் கண் அசந்ததா இல்லையா என்பது ஆவுடையப்பனுக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. உள்ளே கிடப்பது கடைசிச் சொட்டுவரை போனால்தான் தொடுவேன் என்று ஒரு பிடிவாதம்.

இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டக் கூப்பிடுகிறார்கள். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். “முடியாதுன்னா முடியாதுன்னாவது சொல்லித் தொலைங்க” என்று வீட்டுக்காரி காலையில் இட்லியை வைத்துக்கொண்டே அழுதாள். அவர் இட்லியையும் தொடாமல் கிளம்பி வந்துவிட்டார்.

ஆசானிடம் சேர்ந்து பத்தொன்பது நாளாக வாளிதான் அவர் கையில். இருபதாம் நாளான இன்று, அவள் மெஷினையே அவரிடம் கொடுத்தாள்.

இடம், ஒரு வைத்தியரின் எண்ணெய்க் குளியல் கூடம். மத்தியானம். வெளியே சாரல் விழுவதும் தெரியாமல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே வெந்நீர் ஆவியும் நல்லெண்ணெய் வாசமும். தரையில் கணுக்கால் அளவு தண்ணீர் போக வழியில்லாமல் நின்றது. உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்ட ஏழு பேர், இடுப்பில் துண்டோடு, பெஞ்சில் வரிசையாகத் தூங்கி வழிந்தார்கள். அந்தக் கூடத்துக்குள் நுழைந்தாலே யாருக்கும் இமை கனக்கும்.

வைத்தியர் கையைப் பிசைந்தார். “எண்ணெய் ஊறுற நேரம் தாண்டிட்டு, தாயி. இனி எல்லாத்துக்கும் சளி பிடிச்சிரும்.”

“பாப்போம்” என்றாள் பேச்சியம்மாள்.

மெஷினை ஈரம் படாத வாசல்படியில் வைத்தாள். அது பெரிய விஷயமில்லை. ஒரு உருளைக்குள் சுருண்டு கிடக்கும் நீளமான ஸ்பிரிங் கேபிள், அதைச் சுழற்ற ஒரு மோட்டார், காலால் மிதிக்க ஒரு சுவிட்ச். ஆவுடையப்பன் தரையில் தண்ணீர் போகும் துவாரத்தின் சல்லடை மூடியை எடுத்து, கேபிளின் முனையை உள்ளே விட்டு, சுவிட்சை மிதித்தார். கேபிள் சுழன்றுகொண்டே இறங்கியது. ஓரடி போனதும் நின்றது.

“முட்டுது, ஆசானே.”

“ம்.”

“அடைப்புதான்.” அவர் அமுக்கித் தள்ளினார். கேபிள் வில்லாக வளைந்து எழும்பியது.

“காலை எடுங்க.”

எடுத்தார்.

“தள்ளாதீங்க. சும்மா பிடிச்சிருங்க. அது சுத்தட்டும்.”

“அடைப்பு முட்டுதே?”

“அது அடைப்பில்ல. வளைவு.”

வளைவு என்ற சொல் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

“எது வளைவு, எது அடைப்புன்னு எப்படித் தெரியும்?”

“வளைவு கல்லு மாதிரி இருக்கும். அடைப்பு மெத்துன்னு இருக்கும். கை சொல்லும்.”

அவர் மறுபடி மிதித்தார். தள்ளவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றார். எப்போது வளைவைத் தாண்டியது என்று தெரியவில்லை. கேபிள் தானாகவே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அவர் கண்ணை மூடினார். தரைக்கு அடியில் ஒரு ரோடு ஓடியது. அதில் வேன் இல்லை, சைக்கிளும் இல்லை. அவர் மட்டும் விரல் நுனியாக ஊர்ந்து போனார். காதில் விழுவது சாரலா, மோட்டாரா, தூங்குகிற ஏழு பேரின் மூச்சா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்கேயோ ஈர இலை வாசம் வந்தது. அந்த மனிதர் சைக்கிளை உருட்டிக்கொண்டு எதிரே வந்து, வழி கேட்பவர்போல் நின்றார். ஆவுடையப்பனுக்கு வழி தெரியவில்லை.

“மெத்துன்னு இருக்கு” என்றார், கண்ணைத் திறக்காமல்.

“அங்கனயே நில்லுங்க. சுத்தட்டும்.”

“ஆசானே.”

“ம்.”

“உள்ள கிடக்கிறது முழுசா எப்பப் போகும்?”

“குழாய்லயா?”

“எனக்குள்ள.”

பேச்சியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “கேபிளைப் பாருங்க” என்றாள்.

பூமிக்கு ஏப்பம் வந்ததுபோல் ஒரு சத்தம். நின்ற தண்ணீர் மெதுவாகத் திரும்பி, சுழித்து, துவாரத்துக்குள் இறங்கத் தொடங்கியது. கேபிளை இழுத்தால் முனையில் தலைமுடியும் சீயக்காயும் பயத்தமாவும் எண்ணெயும் சேர்ந்து, பூனைக்குட்டி அளவுக்கு ஒரு உருண்டை வந்தது. எத்தனை பேர் தலையோ! வைத்தியர் மெஷினைப் பார்த்துக் கும்பிட்டார். பெஞ்சில் ஒருவரும் விழிக்கவில்லை.

ஆசான் கேபிளைக் கழுவப் பின்கட்டுக்குப் போனாள்.

ஆவுடையப்பன் குனிந்து துவாரத்துக்குள் டார்ச் அடித்தார். ஒரு சாண் ஆழத்தில் கொஞ்சம் தண்ணீர் அசையாமல் நின்றது. அதில் அவர் முகம் தெரிந்தது.

அவருக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு போனபிறகும் இதற்கு மட்டும் என்ன பிடிவாதம்? பழந்துணியை உள்ளே விட்டு ஒற்றினார். பிழிந்தார். மறுபடி ஒற்றினார். பத்துப் பன்னிரண்டு தடவை ஆயிற்று. கடைசியில் டார்ச் வெளிச்சத்தில் வெறும் குழாய் தெரிந்தது. ஒரு சொட்டு இல்லை.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாத, சின்னப்பிள்ளைச் சந்தோஷம். முடியும்போலத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

சாய்ந்த முதுகு சூடேறக்கூட இல்லை, அதற்குள் நாற்றம் கிளம்பிவிட்டது.

சாதாரண நாற்றமில்லை. ஊரே சேர்த்து வைத்த நாற்றம். நல்லெண்ணெய் வாசத்தையும் வெந்நீர் ஆவியையும் விழுங்கிக்கொண்டு கூடம் முழுக்கப் பரவியது. ஏழு பேரும் ஒரே நேரத்தில் கனவு கலைந்து எழுந்தார்கள். துண்டின் நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எண்ணெய்க் காலோடு வழுக்கி வழுக்கி வாசலுக்கு ஓடினார்கள்.

“அடைப்பே தேவலை போலிருக்கே!” என்று வைத்தியர் அலறினார்.

ஆவுடையப்பன் பதறிப்போய்க் கேபிள் இல்லாத மெஷினின் சுவிட்சை மிதித்தார். பேச்சியம்மாள் உள்ளே வந்தாள். துவாரத்தைப் பார்த்தாள். பிழிந்து போட்ட துணியைப் பார்த்தாள்.

“என்ன செஞ்சீங்க?”

“மிச்சத் தண்ணி நின்னுது, ஆசானே. ஒத்தி எடுத்துட்டேன்.”

“எதுக்கு?”

“முழுசாப் போகட்டும்னு.”

அவள் கோபப்படவில்லை. “ஒரு செம்பு தண்ணி கொண்டாங்க” என்றாள்.

கொண்டுவந்தார்.

“ஊத்துங்க.”

ஊற்றினார். தண்ணீர் இறங்கி, கொஞ்சம் வழிந்து போய், மீதி பழைய இடத்தில் நின்றது. அவள் ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். சாரல் காற்று உள்ளே வந்தது. வந்த நாற்றம் கலைந்து போயிற்று. புதிதாக வரவில்லை.

“இது நிக்கணுமா?” என்றார் ஆவுடையப்பன்.

“குழாயே அதுக்குத்தான் அப்படி வளைஞ்சிருக்கு. அந்தப் பக்கம் ஊர்ச் சாக்கடை. இந்தப் பக்கம் மனுசங்க. நடுவுல இந்தத் தண்ணிதான்.”

“எத்தனை நாளைக்கு நிக்கணும்?”

“இங்கன மனுசங்க புழங்குற வரைக்கும்.”

“வத்திப் போச்சுன்னா?”

“ஊத்தணும்.”

ஏழு பேரும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து குளித்தார்கள். செம்பு செம்பாக வெந்நீர் கொட்டியது. அத்தனையும் நுரையோடு துவாரத்துக்குள் ஓடியது. ஒவ்வொரு குளியல் முடிந்ததும் ஆவுடையப்பன் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குளித்த ஆட்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

கடைசி ஆளும் போனபிறகு கூடத்தில் ஆவி மட்டும் மிச்சமிருந்தது. பேச்சியம்மாள் கேபிளை உருளைக்குள் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“ஆசானே, பள்ளிக்கூடத்துக்காரங்களுக்கு இன்னைக்குப் பதில் சொல்லணும்.”

“ம்.”

“அந்த மனுசன் அப்படியே நிக்காரு. இலையெல்லாம் அப்படியே கிடக்கு.” அவர் டார்ச்சை அணைத்தார். “இதை உள்ள வச்சுக்கிட்டு நான் எப்படிப் பிள்ளைகளை வண்டியில ஏத்த?”

அவள் கேபிளின் கடைசிச் சுற்றையும் உள்ளே தள்ளிவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“அந்த வேன் எங்க தெரு வழியாத்தான் போகும்” என்றாள். “எம் மவ ரெண்டாங் கிளாஸ் படிக்கா. காலைல எட்டேகாலுக்குத் தெருமுக்குல நிப்பா. பாத்து ஏத்திக்கிடுங்க, அண்ணாச்சி.”