தோகை இல்லாத தளபதி

ஒரு கண்மாயை ஒட்டி ஒரு மலை இருந்தது. மலையடியில் உடைமரக்காடு. அந்தக் காட்டில் நிறைய மயில்கள் இருந்தன. நரிகளும் இருந்தன. அதனால் மயில்கள் ஒரு படை வைத்திருந்தன.

படை என்றால் ஆண் மயில்கள் மட்டும்தான். பெட்டைகள் தரையில் முட்டையிட்டு அடைகாக்கும். ஆண்கள் காவல் காப்பார்கள். பேச்சு அப்படி.

தினமும் விடிந்ததும் தளபதி சிங்காரம் ஒரு கறையான் புற்றின் மேல் ஏறித் தோகையை விரிப்பார். கீழே படை மொத்தமும் கத்தும்: "தோகை உள்ளவரே தலைவர்!"

அதோடு பயிற்சி முடிந்தது. மீதி நேரம் எல்லாரும் உட்கார்ந்து தோகையைக் கோதுவார்கள்.

ஒருநாள் வெள்ளத்தாய் என்ற பெட்டை மயில் புற்றடியில் வந்து நின்றாள்.

"என்னையும் படையில சேர்த்துக்குங்க, மாமா."

சிங்காரம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உன் தோகை எங்கே தாயி?"

"நரியைப் பார்க்கத் தோகை எதுக்கு? கண்ணு இருக்கு."

துரைப்பாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். படையிலேயே நீளமான தோகை அவனுடையது. அவனும் அதை மறக்க மாட்டான், மற்றவர்களையும் மறக்க விட மாட்டான். "யக்கா, ஓடுங்க! முட்டை ஆறிடப் போகுது!"

வெள்ளத்தாய் நகரவில்லை. சாயங்காலம் வரை அங்கேயே நின்றாள். தொல்லை விட்டால் போதும் என்று சிங்காரம் அவளை இரைப் பிரிவில் போட்டார். படைக்குப் பூச்சியும் தானியமும் பொறுக்கிக் கொண்டுவரும் வேலை.

அவள் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே எந்தப் புதருக்குள் எத்தனை வழி, எந்த வளையில் யார் குடியிருக்கிறார்கள் என்று எல்லாம் தெரிந்துகொண்டாள். காவலில் இருந்தவர்கள் தூங்கிய ஒரு மத்தியானம், நரி வருவதை அவள்தான் முதலில் கண்டு அகவினாள். அப்புறம் அவளைப் பனைமரக் காவலில் வைத்தார்கள். அப்புறம் பனைமரக் காவலுக்கே தலைவி ஆக்கினார்கள். ஒவ்வொரு படி ஏறவும் அவள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு உழைக்க வேண்டியிருந்தது. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அது அநியாயம்.

அதற்குள் ஆவணி வந்தது.

ஆவணியில் ஆண் மயில்களுக்குத் தோகை உதிரும். எல்லாருக்கும்தான். தளபதிக்கும்தான். உதிர்ந்ததும் அவர்கள் வெட்கப்பட்டுப் புதருக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். மறுபடி முளைக்கும் வரை வெளியே வர மாட்டார்கள்.

"எனக்கு உடம்பு சரியில்லை தாயி," என்றார் சிங்காரம், புதருக்குள்ளிருந்து. "படையை நீ பார்த்துக்கோ. தற்காலிகமாத்தான்!"

அவள் பார்த்துக்கொண்டாள். பெட்டைகளைச் சேர்த்துக் காவல் போட்டாள். நரிகள் எத்தனையோ தடவை வந்தன. வெறும் வாயோடு திரும்பின. மாசியில் சிங்காரம் புதுத் தோகையோடு வெளியே வந்து நேராகப் புற்றின் மேல் ஏறினார். வெள்ளத்தாய் பனைமரத்துக்குத் திரும்பினாள். ஒரு நன்றிகூடக் கிடையாது. வருஷா வருஷம் இதே கதைதான்.

வைகாசியில் முதல் மழை வரும். மேகம் கறுத்ததும் ஆண் மயில்கள் எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள். கூடுகளைச் சுற்றி நின்று, பெட்டைகளைப் பார்த்துத் தோகை விரித்து ஆடுவார்கள். ஆட்டம் முடிந்து பார்த்தால் சில கூடுகள் காலியாக இருக்கும்.

அதற்கும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். காலியான கூட்டில் ஆளுக்கொரு இறகை வைத்துத் தலை குனிவார்கள். "மழை கொடுத்தது, மழையே எடுத்துக்கிட்டது," என்பார்கள். அப்புறம் கலைந்து போய்விடுவார்கள்.

ஒரு வருஷம் வெள்ளத்தாயின் கூடும் காலியானது. அவள் தலை குனிந்தாள். ஆனால் தரையைப் பார்ப்பதற்காகக் குனிந்தாள்.

"மாமா, இங்கே பாருங்க! நரியோட காலடி. அது மேலே மழைத்துளி விழுந்த குழி. அப்போ நரி மழைக்கு முன்னாடியே வந்து காத்துக்கிட்டு இருந்திருக்கு. மழை ஒண்ணும் எடுக்கல!"

"அதுக்கு?" என்றார் சிங்காரம்.

"எங்களைப் பார்த்து ஆடுறீங்க. விரிச்ச தோகை உங்களுக்குப் பின்னாடி சுவர் மாதிரி நிக்குது. சுவருக்கு அந்தப் பக்கம் வர்ற நரி உங்களுக்கும் தெரியல, எங்களுக்கும் தெரியல. அடுத்த மழைக்கு முகத்தை வெளியே திருப்பி ஆடுங்க."

"பெட்டைக்கு முதுகைக் காட்டி ஆடுறதா! தூ!" என்று கத்தினான் துரைப்பாண்டி. "அதுக்கு ஆடாமலே இருக்கலாம்!"

"சரி, ஆடாம இரு."

"மேகத்தைப் பார்த்து ஆடாதவன் மயிலா?"

சிங்காரம் பேச்சை முடித்தார். "எந்தப் பக்கம் பார்த்து ஆடணும்னு தளபதிதான் சொல்லணும். நீ தளபதி இல்லை."

அன்றைக்குத்தான் வெள்ளத்தாய் தளபதி ஆகணும் என்று முடிவு செய்தாள். புற்றின் மேல் நிற்க ஆசைப்பட்டு இல்லை. அடுத்த மழையில் இன்னொரு கூடு காலியாகக் கூடாது. அவ்வளவுதான்.

அடுத்த மாசியில் சிங்காரம் வயதாகிவிட்டது என்று பதவியை விட்டார். அடுத்த தளபதியைத் தேர்ந்தெடுக்க, மயில்களின் அரசரான கருமலையான் ஒரு பாறை மேல் சபையைக் கூட்டினார். துரைப்பாண்டி தோகையை விரித்தபடியே வந்தான். வெள்ளத்தாய் சும்மா வந்தாள்.

"நீ நல்லவதான் தாயி. ஆனா 'தோகை உள்ளவரே தலைவர்'னு ஒரு விதி இருக்கே," என்றார் அரசர். "ஒண்ணு செய். உதிர்ந்த இறகு மலைக்குகையில குவிஞ்சு கிடக்கு. அதைக் கட்டிக்கிட்டு ஏறு. நாங்க கண்டுக்க மாட்டோம்."

"வேண்டாம் ராசா. அதைக் கட்டினா புதர்ல பதுங்க முடியாது. நரிக்கு மூணு வயல் தள்ளியே தெரியும்."

"தோகை இல்லாம யாராவது தலைவர் ஆனது உண்டா?" என்று கேட்டான் துரைப்பாண்டி.

"உண்டே. ஆவணியிலேர்ந்து தை வரைக்கும் உன் தோகை எங்கே இருந்துச்சு, தம்பி? உங்க தளபதி தோகை எங்கே இருந்துச்சு? அப்போ படையை யாரு நடத்தினா?"

பெட்டைகள் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. ஆண்கள் எல்லாரும் தரையில் எதையோ தேடினார்கள்.

அரசர் தொண்டையைச் செருமினார். "அது தற்காலிகம் தாயி."

"தற்காலிகமாக் காப்பாத்தின முட்டை எல்லாம் தற்காலிகமாவா பொரிஞ்சுது, ராசா?"

பதில் வராத பெரியவர்கள் நிபந்தனை போடுவார்கள். அரசரும் போட்டார்.

"சரி. முதல் மழை வரைக்கும் நீ தளபதி. அந்த மழையில ஒரு முட்டை போனாலும் நீ இறங்கணும். அப்புறம் எந்தப் பெட்டையும் படையில கால் வைக்கக் கூடாது."

"துரைப்பாண்டி தோத்தா துரைப்பாண்டி மட்டும் தோப்பான். நான் தோத்தா எல்லாப் பெட்டையுமா?"

"முடியுமா, முடியாதா?"

அவள் பெட்டைகளைப் பார்த்தாள். செவ்வந்தி என்ற சின்னப் பெட்டை மட்டும், அவள் அப்போதுதான் இரைப் பிரிவில் சேர்ந்திருந்தாள், சரி என்று தலையை ஆட்டினாள்.

"முடியும்," என்றாள் வெள்ளத்தாய்.

அன்றிலிருந்து உண்மையான பயிற்சி. கூடுகளைச் சுற்றி வட்டமாக நிற்கணும். "முகம் வெளியே!" என்று அவள் கத்தினால் எல்லாரும் சட்டென்று வெளியே திரும்பணும். முணுமுணுத்தார்கள். "மானம் போகுது," என்றார்கள். ஆனாலும் திரும்பினார்கள். துரைப்பாண்டியும் திரும்பினான். எல்லாரையும்விட அழகாகத் திரும்பினான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைகாசி வந்தது. ஒரு மத்தியானம் மேற்கே மேகம் கறுத்தது.

கண்மாய்க்கரைக் கோரைப்புல்லுக்கு அந்தப் பக்கம் மொட்டைவால் நரி தன் கூட்டத்தோடு படுத்திருந்தது. "பொறுங்கடா! ஆட்டம் ஆரம்பிக்கட்டும். முதுகு தெரியுற இடமாப் பார்த்து உள்ளே போங்க!"

இடி இடித்தது. மயில்கள் வட்டமாக நின்று வெளியே பார்த்துத் தோகை விரித்தார்கள். நரிகள் திகைத்தன. எந்தப் பக்கம் போனாலும் ஒரு முகம். முகத்துக்குப் பின்னால் நூறு நூறு கண்கள்.

"என்னடா இது? முதுகே இல்லையே!"

மழை விழுந்தது. துரைப்பாண்டிக்குக் கால் நிற்கவில்லை. இத்தனை அழகான தோகை, பார்ப்பது நரிகள் மட்டுமா? ஒரே ஒரு சுற்று, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தான். மெதுவாக உள்பக்கம் திரும்பினான்.

"கிடைச்சிருச்சு!" என்றது மொட்டைவால். துரைப்பாண்டியின் முதுகுக்குப் பின்னால் இருந்த கோரைப்புல்லுக்குள் பாய்ந்தது.

பாய்ந்த இடத்தில் வெள்ளத்தாய் இருந்தாள். காய்ந்த புல் நிறத்தில், புல்லோடு புல்லாக, மழையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தாள். நரி கிட்டத்தட்ட அவளை மிதித்தது. அவள் எழும்பி அதன் மூக்கிலேயே காலால் அடித்தாள்.

"முகம் வெளியே!"

துரைப்பாண்டி திடுக்கிட்டுத் திரும்பினான். நரியின் பல்லில் வெள்ளத்தாயின் இடது சிறகு! அவன் தோகையை மறந்தான், ஆட்டத்தை மறந்தான். கொத்தினான், உதைத்தான். படை மொத்தமும் அகவிய சத்தத்தில் மலை அதிர்ந்தது. மொட்டைவால் சிறகை விட்டுவிட்டு ஓடியது. மற்ற நரிகள் அதற்கு முன்பே ஓடியிருந்தன.

மழை நின்றது. அரசரே கூடு கூடாகப் போய்ப் பார்த்தார். ஒரு முட்டையும் போகவில்லை.

துரைப்பாண்டி வெள்ளத்தாயின் முன்னால் வந்து நின்றான். அவன் தோகையில் பாதி சேற்றில் கிடந்தது.

"யக்கா, எனக்குப் பின்னாடி எப்படி வந்து உட்கார்ந்தீங்க?"

"நீ திரும்புவேன்னு தெரியும்."

"தெரிஞ்சும் என்னை ஏன் படையிலேர்ந்து தூக்கல?"

"உன்னைப் போலக் கொத்துறவன் படையில வேற யாரும் இல்லை. திரும்புறது ஒண்ணுதான் உன் குறை. அதுக்குத்தான் நான் இருந்தேனே."

கூட்டிலிருந்து ஒரு பெட்டை கத்தினாள்: "ஏ துரைப்பாண்டி! இன்னிக்குத்தான் உங்க ஆட்டத்தைப் பின்னாடியிருந்து பார்த்தோம். பின்னாடி பார்த்தா நீங்களும் எங்க நிறம்தான்யா!"

முதலில் துரைப்பாண்டிதான் சிரித்தான்.

அரசர் சந்தோஷமாகப் பாறை மேல் ஏறினார். "இனி வெள்ளத்தாய் நிரந்தரத் தளபதி! விதியையும் மாத்திட்டேன். நாளைக்குக் காலையில எல்லாரும் இப்படிச் சொல்லணும்: 'தோகை உள்ளவரே தலைவர், வெள்ளத்தாய் நீங்கலாக!'"

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். வெள்ளத்தாய் செய்யவில்லை. சிறகிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"வேண்டாம் ராசா."

"என்ன வேண்டாம்? உனக்குக் கொடுத்தாச்சே!"

"எனக்குக் கொடுத்தீங்க. இந்தச் செவ்வந்திக்கு? நான் செத்தா அந்த விதி மட்டும் மிச்சம் இருக்கும். அப்புறம் அவளும் நரி வாயில சிறகைக் கொடுத்துட்டுத்தான் வரணுமா? விதியிலேர்ந்து என் பேரை எடுங்க. தோகையையும் எடுங்க."

"அது முன்னோர் வாக்கு!"

"முன்னோருக்கும் ஆவணியில உதிர்ந்திருக்கும், ராசா."

அரசர் தன் தோகையைத் திரும்பிப் பார்த்தார். வயதான தோகை. போன வருஷத்தைவிட இந்த வருஷம் குறைவாகத்தான் முளைத்திருந்தது. அப்புறம், "எடுத்தாச்சு," என்றார்.

மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் சிலர் "தோகை" என்று ஆரம்பித்து விழுங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் "முகம் வெளியே!" என்றார்கள். சில நாளில் அதுவே வழக்கமாகிவிட்டது.

கடிபட்ட சிறகு சரியாகவே இல்லை. வெள்ளத்தாயால் அப்புறம் பனைமரம் ஏற முடியவில்லை. தரையில் நடந்தே படையை நடத்தினாள். வயதானதும் பதவியை விட்டாள். அவளுக்குப் பிறகு துரைப்பாண்டி தளபதி ஆனான். அவனுக்குப் பிறகு செவ்வந்தி ஆனாள்.

செவ்வந்தி முதல்முறை புற்றின் மேல் ஏறிய காலையில் யாரும் ஆச்சரியப்படவில்லை. தோகை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளத்தாயும் வரிசையின் கடைசியில் நின்றிருந்தாள். செவ்வந்தி ஏறியதை அவள் பார்க்கக்கூட இல்லை. அவள் முகம் வெளியே இருந்தது.

தப்பான விதியிலிருந்து ஒருத்திக்கு மட்டும் விலக்குக் கொடுப்பது நியாயம் ஆகாது; அந்த விதியையே எடுத்துப் போடுவதுதான் நியாயம்.